எங்கள் இரண்டு அலட்சியங்கள்

தமிழில் கணினி பற்றி எழுதியவர்கள், மென்பொருள் செய்தவர்கள், கட்டற்ற மென்பொருள் கூட்டங்களில் பிறர் மடிக்கணினியில் உபுண்டு நிறுவிக்கொடுத்தவர்கள், தெருவில் யாருக்கு எது பழுதானாலும் "அவருக்குத் தெரியும், கேளுங்க" என்று கைகாட்டப்பட்டவர்கள் என எங்கள் எல்லோர் பெயரிலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. கணினியில் எதை வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளும் சுதந்திரம் நிறைய இருந்தது. பாதுகாப்பு குறைவாக இருந்தது. நாங்கள் பாதுகாப்பைக் கண்டுகொள்ளவில்லை. கைபேசியில் பாதுகாப்பு கூடியது, சுதந்திரம் குறைந்தது. அங்கே சுதந்திரத்தைக் கண்டுகொள்ளவில்லை. எங்கே எது குறைந்ததோ அங்கே அதையே விட்டுவிட்டோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது இப்போது, மிகத் தாமதமாகத்தான், உறைக்கிறது.

கணினிக்குள் தமிழ் யார் அனுமதியும் கேட்டு நுழையவில்லை. 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியபோதும், சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தபோதும், பின்னாளில் தன்னார்வலர்கள் இ-கலப்பையை வெளியிட்டபோதும், இயங்குதளம் செய்த நிறுவனத்தின் வாசலில் யாரும் விண்ணப்பத்தோடு நிற்கவில்லை. எழுதினார்கள், வெளியிட்டார்கள். வேண்டியவர்கள் எடுத்து நிறுவிக்கொண்டார்கள். விண்டோஸ் 2000 வந்து தமிழ் ஒருங்குறியை ஏற்கும்வரை காத்திருந்திருந்தால் அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுக் கணித்தமிழ் நடந்தே இருக்காது. இது எங்களுக்குப் பெருமையான வரலாறு. மேடைதோறும் சொல்லியிருக்கிறோம்.

சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. தட்டச்சு மென்பொருள் என்பது விசைப்பலகைக்கும் மற்ற எல்லா நிரல்களுக்கும் நடுவில் உட்காருவது. நீங்கள் தட்டும் கவிதையும் அதன் வழியாகத்தான் போகும், வங்கிக் கடவுச்சொல்லும் அதன் வழியாகத்தான் போகும். விசை அழுத்தங்களைத் திருடும் வைரஸ் எந்த இடத்தில் உட்காருமோ அதே இடம். எங்கள் தன்னார்வலர்கள் நேர்மையானவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பயனருக்கு அது எப்படித் தெரியும்? நாங்கள் பகிர்ந்த நிறுவல் கோப்புகள் பலவற்றில் மின்கையொப்பம் கிடையாது. இறக்கிய கோப்பு அசல்தானா என்று சரிபார்க்கும் வழியை நாங்கள் கற்றுத்தரவில்லை. ஆன்டிவைரஸ் கத்தினால் அதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு நிறுவுங்கள் என்றுதான் சொன்னோம். எச்சரிக்கை வந்தால் 'ஓகே' அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை ஒரு தலைமுறைக்கு ஊட்டியதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

அதைவிடப் பெரிய பங்கு கள்ளப் பிரதியில் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கிடைத்த விண்டோஸ் எக்ஸ்பி சிடியை ஊர் ஊராகப் போட்டுக்கொடுத்தவர்கள் நாங்கள். அப்டேட்டை விட்டால் 'இது அசல் அல்ல' என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் முதல் வேலையாக அதை நிறுத்தினோம். ஆன்டிவைரஸுக்கே கிராக் தேடினோம். அந்தக் கிராக்கோடு என்ன வந்தது என்று பார்க்கவில்லை. பிரௌசிங் சென்டரில் பென் டிரைவைச் செருகினால் வைரஸ் தானாக ஏறியது. தானியக்க வசதியை பென் டிரைவ்களுக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் மூலம் நிறுத்தியது 2011-இல். நாங்கள் அப்டேட்டை நிறுத்திவைத்த கணினிகளுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவேயில்லை. "ஓஎஸ் போட்டுட்டா சரியாயிடும்" என்பதே எங்கள் மருத்துவம். போட்டோம், சரியானது. சேமித்து வைத்திருந்த கல்யாணப் படங்கள் போயின. அது பயனரின் விதி என்று நினைத்துக்கொண்டோம்.

2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் வந்தது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது. ஆனாலும் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகள் முடங்கின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பக்கத்து ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகள் சிலவும் மாட்டின. எங்களில் கட்டற்ற மென்பொருள் அணியினர் அன்று கொஞ்சம் குதூகலமாகவே இருந்தோம்: "லினக்ஸுக்கு வைரஸ் வராது." அரை உண்மை அது. லினக்ஸ் மேசைக்கணினியிலும் வழக்கமான முறையில் நிறுவி நீங்கள் இயக்கும் நிரல் உங்கள் முழு உரிமையோடுதான் ஓடும். உங்கள் கோப்புறை முழுவதையும் அதனால் படிக்க முடியும். அந்த அடிப்படைக் குறை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொது என்று தெரிந்தும், முழக்கமாக எடுபட்டதால் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

கைபேசியைச் செய்தவர்கள் இந்தக் குறையிலிருந்து பாடம் கற்றுத்தான் தொடங்கினார்கள். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கருநிரல். ஆனால் அதில் ஒவ்வொரு செயலியும் ஒரு தனிப் பயனராகவே ஓடுகிறது. ஒன்றின் தனிக் கோப்பை இன்னொன்று படிக்க முடியாது. கேமரா, தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் கேட்டுத்தான் வர வேண்டும். 2015-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, தேவைப்படும் நேரத்தில், தனித்தனியாக. ஐபோனிலும் இதே ஏற்பாடு வேறு வகையில் உண்டு. கணினியில் கிடைக்காத நல்ல பாதுகாப்பு இது. நாங்கள் இதைப் பாராட்டி விளக்கியிருக்க வேண்டும்.

கூடவே இன்னொன்றையும் விளக்கியிருக்க வேண்டும். வீட்டுக்குள் அறைச்சுவர் கட்டுவது வேறு. வாசல் சாவியைக் கட்டியவரே வைத்துக்கொள்வது வேறு. ஐபோனில் 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தபோது இரண்டும் ஒரே பொட்டலமாக வந்தன. செயலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் சுவருக்குப் பெயர் பாதுகாப்பு. எந்தச் செயலி இருக்கலாம், எது கூடாது, விற்றால் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைத் தீர்மானிக்கும் சாவிக்குப் பெயர் அதிகாரம். அதற்கும் பாதுகாப்பு என்றே பெயரிட்டார்கள். வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்த நாங்கள், முன்கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

தமிழ்த் தட்டச்சையே எடுத்துக்கொண்டால் இது முழுவதும் விளங்கும். ஐபோன் வந்து ஏழு ஆண்டு, 2014 வரை, வெளியார் செய்த விசைப்பலகையை வேறு செயலிகளுக்குள் பயன்படுத்த ஆப்பிள் விடவில்லை. தமிழ்த் தட்டச்சுச் செயலிக்குள் எழுதி, நகலெடுத்து, போய் வேறிடத்தில் ஒட்ட வேண்டும். 2013-இல் தானே தமிழ் விசைப்பலகை கொடுத்த பிறகுதான் அந்தச் சிரமம் தீர்ந்தது. தடைக்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. விசைப்பலகை எல்லாவற்றையும் பார்க்கும் என்று மேலே சொன்னோமே, அந்தப் பயம்தான். ஆனால் 2014-இல் ஐஓஎஸ் எட்டாம் பதிப்பில் கதவைத் திறந்தபோது என்ன செய்தார்கள்? கடவுச்சொல் பெட்டியில் வெளியார் விசைப்பலகை தோன்றாது. பயனர் தனியே அனுமதி தராதவரை அது இணையத்தைத் தொட முடியாது. அவ்வளவுதான். பயமும் தீர்ந்தது, வழியும் திறந்தது. கணினியில் நாங்கள் இருபது ஆண்டாக இந்த இரண்டு வேலிகளில் ஒன்றைக்கூடப் போட்டதில்லை, போட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கைபேசிக்காரர்களோ, வேலி போட்டால் போதும் என்ற இடத்தில் ஏழு ஆண்டு பூட்டுப் போட்டிருந்தார்கள். ஏன் என்று நாங்கள் உரக்கக் கேட்டதும் இல்லை.

பூட்டு தொழில்நுட்பத் தேவையால் வருகிறதா, வியாபாரத்தால் வருகிறதா என்ற கேள்விக்கு ஆப்பிளே ஒரு விடை வைத்திருக்கிறது. 2020 நவம்பரில் எம்1 சில்லோடு மேக் மடிக்கணினி வந்தது. அடுத்த ஆண்டு அதே எம்1 சில்லு ஐபேட் புரோவுக்குள் போனது. மேக்கில், உரிமையாளர் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து மீட்புப் பகுதிக்குள் போய், தன் கடவுச்சொல்லைக் கொடுத்தால், காவலைத் தளர்த்தி வேறு இயங்குதளத்தையே ஏற்றலாம். அசாஹி லினக்ஸ் என்று ஒரு குழு அதைச் செய்துகாட்டியிருக்கிறது. தொலைவிலிருந்து ஒரு மோசடிக்காரரால் இதைச் செய்ய முடியாது. கருவி கையில் இருக்க வேண்டும், கடவுச்சொல்லும் தெரிந்திருக்க வேண்டும். ஐபேடில் இந்த வழியே இல்லை. ஒரே நிறுவனம், ஒரே சில்லு, இரண்டு சட்டம். விளையாட்டு மென்பொருள் செய்யும் எபிக் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2021-இல், ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி, மேக்கில் இருக்கும் தீநிரல்களின் அளவு தங்களுக்கு ஏற்புடையதல்ல என்று நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். கைபேசிப் பூட்டைக் காக்கத் தங்கள் கணினியையே குறைசொல்ல வேண்டியிருந்தது.

ஸ்டோருக்குள் இருந்தால் பத்திரம் என்பதையும் நாங்கள் கேள்வியின்றி விட்டோம். கொரோனா ஆண்டுகளில் கடன் செயலிகள் வந்தன. ஐந்தாயிரம் கடன் கொடுப்பார்கள். தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொள்வார்கள். தவணை தவறினால் உறவினர் எல்லோருக்கும் அசிங்கமாக ஒட்டிய படத்தை அனுப்புவார்கள். தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் உயிர்கள் போயின. அந்தச் செயலிகளில் ஏராளமானவை பிளே ஸ்டோரிலேயே இருந்தவை. இந்தியாவில் 2022-இல் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை நீக்கியதாக கூகுளே சொன்னது. கடன் செயலிகள் தொடர்பு எண்ணையும் படத்தையும் கேட்கவே கூடாது என்ற கூகுள் விதி 2023-இல்தான் வந்தது. காவலாளி வாசலில் இருந்தும் திருடன் நடந்தே உள்ளே வந்தான். தடுத்தது கடைசியில் உள்ளே போட்ட கட்டுப்பாடு. 'கடன் செயலி தொடர்பு எண்களை ஏன் கேட்கிறது, கேட்டால் என்ன செய்ய வேண்டும்' என்று நாலு வரி எளிய தமிழில் எழுதி ரேஷன் கடை வாசலில் ஒட்டியிருந்தால் யாராவது பிழைத்திருக்கக் கூடும். எழுதத் தெரிந்தவர்கள் நாங்கள்தான்.

ஏன் எழுதவில்லை என்பதுதான் அந்த ஒரே காரணத்துக்குக் கொண்டுபோகிறது. எங்களுக்கு எப்போதும் ஒரு தனி வழி இருந்தது. கணினியில் வைரஸ் வந்தால் எங்களுக்கு ஓஎஸ் போடத் தெரியும். ஆண்ட்ராய்டில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த நாட்களில் ஓபரா மினியில் ஓர் அமைப்பை மாற்றி எழுத்தைப் படமாக வரவழைத்துப் படித்தோம். இன்னும் துணிந்தவர்கள் ஃபோனை ரூட் செய்து எழுத்துருவையே உள்ளே வைத்தார்கள். பிளே ஸ்டோர் பிடிக்காவிட்டால் எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிக் களஞ்சியம். ஃபோன் கம்பெனி அப்டேட்டை நிறுத்தினால் லினியேஜ் ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளம். தப்பிக்கும் வழி தெரிந்தவர்களுக்கு அமைப்பைத் திருத்தும் அவசரம் வராது. வழி தெரியாதவர்கள்தான் கணினியில் கோப்புகளை இழந்தார்கள், கைபேசியில் பணத்தையும் மானத்தையும் இழந்தார்கள். அவர்களுடைய இழப்பை நாங்கள் அறியாமையின் விலை என்று கணக்கெழுதினோம்.

வாட்சப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே என்ற செயலி நிறுவும் கோப்பு வரும் மோசடியில் இந்த மனநிலை நன்றாகத் தெரிந்தது. திறந்தால் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி போகும், பின்னாலேயே பணம் போகும். போக்குவரத்து அபராதம் என்ற பெயரிலும் வந்தது. போலீஸ் எச்சரித்தது, நாங்கள் "படித்தவர்களே இப்படி ஏமாறலாமா" என்று பதிவு போட்டோம். எச்சரிக்கை வந்தால் 'ஓகே' அழுத்தக் கற்றுக்கொடுத்தது யார் என்பது அப்போது எங்களுக்கு நினைவில்லை.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஸ்டோருக்கு வெளியே செயலியை வழங்குவதைத் தடுக்கக் கூடாது என்ற கட்டளையும் அந்த உத்தரவில் இருந்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. அந்தக் கட்டளையை நீக்கியது. அபராதத் தொகை தலைப்புச் செய்தியானது. நீக்கிய கட்டளையை எங்களில் எத்தனை பேர் கவனித்தோம்? ஓராண்டு கழித்து, 2024 மார்ச் முதல் தேதி, கட்டணத் தகராறில் சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உட்படச் சில இந்திய நிறுவனங்களின் செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போயின. ஒன்றிய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாளில் திரும்பின. அதே நிறுவனத்தின் இணையதளம் கணினியில் அந்த நாட்களிலும் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. அதை எடுக்க மைக்ரோசாஃப்ட்டுக்குச் சாவி கிடையாது. அமைச்சரைப் பிடிக்க முடிந்தவர்களுக்குச் செயலி திரும்பிற்று என்பதைத் தாண்டி நாங்கள் யோசிக்கவில்லை.

2025 ஆகஸ்டில் கூகுள் ஒன்றை அறிவித்தது: ஸ்டோருக்கு வெளியே கொடுக்கும் செயலியானாலும் அதைச் செய்தவர் தங்களிடம் அடையாளத்தைப் பதிவுசெய்திருக்க வேண்டும், இது 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும், 2027 முதல் மற்ற நாடுகளிலும் நடைமுறைக்கு வரும். இணையத்திலிருந்து நேரடியாக இறக்கும் செயலிகளில் பிளே ஸ்டோரைவிட ஐம்பது மடங்குக்கு மேல் தீநிரல் இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். எஃப்-டிராய்டு எதிர்த்தது, நாங்களும் கொதித்தோம். நவம்பரில், விவரம் அறிந்தவர்களுக்குத் தனி வழி விடுவதாக கூகுள் கொஞ்சம் இறங்கியது. அந்தச் செய்தியைப் படித்து நாங்கள் விட்ட நிம்மதிப் பெருமூச்சே எங்களைக் காட்டிக்கொடுக்கிறது: எங்களுக்கு வழி கிடைத்துவிட்டது, போதும். கடன் செயலி உயிர் பறித்தபோது வராத கோபம், எங்கள் வழி அடைபடும்போது வந்தது. அதோடு, கூகுள் காட்டிய ஆபத்து பொய்யில்லை, கல்யாணப் பத்திரிகை மோசடியே அதற்குச் சான்று. அதற்கு எங்களிடம் மாற்று மருந்து எதுவும் தயாராக இல்லாததால், எங்கள் எதிர்ப்பு சாமானியர் காதில் வசதியானவர்களின் புலம்பலாகத்தான் விழுந்திருக்கும்.

மாற்று இல்லாமல் இல்லை. 2024-இல் சிங்கப்பூரில் கூகுளே அதைச் சோதித்தது: வெளியிலிருந்து இறக்கும் செயலி குறுஞ்செய்தி படிக்கவோ, அறிவிப்புகளைப் பார்க்கவோ, திரையைக் கட்டுப்படுத்தவோ அனுமதி கேட்டால் நிறுவலை நிறுத்துவது. மோசடிக்குத் தேவையான இடத்தில் மட்டும் கை வைக்கும் ஏற்பாடு. யார் செய்தது என்று பெயர்ப் பதிவேடு கேட்காதது. குரோம்புக் மடிக்கணினியில் 2011-லிருந்தே உருவாக்குநர் நிலை உண்டு: மாற்றிக்கொள்ளலாம், மாற்றினால் உள்ளே இருக்கும் தரவு அழிந்துவிடும், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் எச்சரிக்கை வரும். திருடனுக்குப் பயனில்லை, உரிமையாளருக்குத் தடையில்லை. விண்டோஸ் எட்டாம் பதிப்போடு கணினிகளில் தொடக்கப் பூட்டு (செக்யூர் பூட்) வரவிருந்தபோது, அதை நிறுத்தும் வசதி உரிமையாளருக்கு வேண்டும் என்று 2011-இல் கட்டற்ற மென்பொருள்காரர்கள் உலகெங்கும் குரல் எழுப்பினார்கள். சாதாரணக் கணினிகளில் அந்த வசதி கட்டாயம் என்று விண்டோஸ் எட்டுக்கான விதியில் மைக்ரோசாஃப்ட் எழுதியது. நாங்களும் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக்கொண்டது அந்த வழியில்தான். கைபேசிக்கு அதே குரலை எழுப்ப ஏன் தோன்றவில்லை?

ஒரே கையில் சாவி இருந்தால் அதை அரசும் கேட்கும் என்பதற்கும் நாங்கள் தயாராக இல்லை. 2019-இல் ஹாங்காங் போராட்டக்காரர்கள் பயன்படுத்திய வரைபடச் செயலியை ஆப்பிள் நீக்கியது. 2025 நவம்பர் இறுதியில் நம் தொலைத்தொடர்புத் துறை, தன் சஞ்சார் சாத்தி செயலியைப் புது ஃபோன்களில் முன்பே நிறுவித்தர வேண்டும், அதை முடக்க இடம் தரக் கூடாது என்று உத்தரவிட்டது. எதிர்ப்புக் கிளம்பி ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றது. பெயர் அங்கேயும் பாதுகாப்புதான். அந்த உத்தரவு ஃபோன்களுக்குத்தான், கணினிகளுக்கு இல்லை என்பதைக் கவனித்தால், எந்தக் கருவியில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

இனிச் செய்ய வேண்டியவற்றை முழக்கமாகச் சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை, வேலையாகச் சொல்கிறோம். நாங்கள் வெளியிடும் தமிழ் மென்பொருள் ஒவ்வொன்றிலும் கையொப்பமும், சரிபார்க்கும் முறையும் இருக்க வேண்டும். லினக்ஸில் செயலிகளைப் பிரித்து ஓட்டும் ஃபிளாட்பேக் போன்றவற்றைப் 'பாரம்' என்று ஒதுக்காமல் பழக்க வேண்டும். அனுமதி கேட்கும் திரைகளின் தமிழ் வாசகம் புரியும் தமிழாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துவது எங்கள் வேலை. மொழிபெயர்ப்புப் பட்டறைகளில் மெனுப் பெயர்களுக்குச் செலவிட்ட நேரத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் நின்று பல ஆண்டான ஃபோனில் திறக்கும் வங்கிச் செயலி, இந்த மாதத் திருத்தம்வரை ஏற்றிய லினியேஜ் ஃபோனில் திறக்க மறுக்கும் வேடிக்கையை ரிசர்வ் வங்கியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். போட்டிச் சட்ட வழக்குகளின் ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் எழுத வேண்டும். ஏமாந்தவரைக் கேலி செய்யும் பதிவை அழித்துவிட்டு, அவர் ஃபோனை வாங்கி, எந்தச் செயலிக்கு எந்த அனுமதி போயிருக்கிறது என்று அவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இவற்றில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. எல்லாமே எங்களுக்குப் பத்தாண்டுக்கு மேலாகத் தெரிந்தவை. எழுதக் கற்கும்போதே கைபேசிதான் முதல் கணினியாக, பலருக்கு ஒரே கணினியாக, கிடைக்கிற பிள்ளைகள் இப்போது வளர்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளை இருளர் மொழிக்கோ படுக மொழிக்கோ ஒரு விசைப்பலகை செய்தால், அதைப் பக்கத்து வீட்டு ஃபோனில் நிறுவ எந்த நாட்டு நிறுவனத்திடமும் அடையாள அட்டை நீட்ட வேண்டியிராத நிலை இருக்க வேண்டும். நிறுவிய பக்கத்து வீட்டுக்காரரின் வங்கிக் கடவுச்சொல்லை அந்த விசைப்பலகை பார்க்கவும் முடியாத நிலை இருக்க வேண்டும். முதல் உரிமையை அனுபவித்த நாங்கள் இரண்டாவதைக் கொடுக்கவில்லை. இரண்டாவதைக் கொடுத்தவர்கள் முதலாவதைப் பறித்தபோது தடுக்கவும் இல்லை.